ஹுவ்ஸ்குல் ஏரிக்கு ஒரே வெளிவாசல்

முரன் ஊரிலிருந்து ஹத்கலுக்கு நூறு கிலோமீட்டர். நல்ல தார்ச்சாலை. ஆனாலும் போய்ச்சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியெல்லாம் ஆடுகள். ஓட்டுநர் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, மந்தை கடந்து முடியும்வரை மேய்ப்பவரோடு ஊர்க்கதை பேசினார். தமிழ்நாட்டைப்போல் பன்னிரண்டு மடங்கு பரப்புள்ள மங்கோலியாவில் மொத்தமே சுமார் 35 லட்சம் பேர். அதிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் தலைநகர் உலான்பாத்தரில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். கால்நடைகளோ மனிதரைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல். சாலை யாருக்குச் சொந்தம் என்று அங்கே சந்தேகமே வராது.

என்னை அழைத்துப்போனவள் ஒரு கண் மருத்துவர். பயிற்சிக்காக மதுரைக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள். அம்மா வைக்கும் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பாள். அவள் கற்ற தமிழெல்லாம் ஓ.பி.யில் காதில் விழுந்தது. காய்கறிக்காரர் தராசைப் பிடிக்கும்போது, "கீழ பாருங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்பாள். அவரும் பயந்துபோய் இரண்டு தக்காளி கூடப் போடுவார். "அக்கா, ஒருதரம் எங்க ஏரியைப் பாக்கணும் நீங்க" என்று ஊருக்குப் போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஏரிக்கரைதான் அவள் பிறந்த இடம்.

ஜூலை மாதம். ஏரியில் பனிக்கட்டி முழுதாகக் கரைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. குளிர்காலத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் கனமாக உறைந்துவிடுமாம். ஒரு காலத்தில் சரக்கு லாரிகளே அதன்மேல் ஓடியிருக்கின்றன. சில லாரிகள் அடியில் கிடக்கின்றன என்றும் சொன்னார்கள். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கூழாங்கற்கள் மட்டும் தெரிந்தன, பிறகு பெரிய பாறைகள், அதற்கும் அப்பால் திடீரென்று ஒரு கரும்பச்சை, பிறகு நீலம். கடல்மட்டத்திலிருந்து 1,645 மீட்டர் உயரத்தில், 136 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆழமான இடத்தில் 262 மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது இந்த நீர். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பத்து எண்ணுவதற்குள் வெளியே குதித்துவிட்டேன். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இடுப்புவரை நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இந்த ஏரிக்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஓடைகள் வந்து விழுகின்றன. 96 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வெளியே போவது ஒன்றே ஒன்று. தெற்கு முனையில், ஹத்கல் ஊரையொட்டி எகீன் கோல் என்ற ஆறாகப் புறப்பட்டு, செலங்கே நதியில் கலந்து, ருஷ்யாவின் பைக்கால் ஏரிவரை போகிறது. அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். பெரிய காட்சி என்று ஒன்றும் இல்லை. ஏரி மெல்லக் குறுகி, சத்தமில்லாமல் நகர ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

"சின்ன வயசுல எங்க தாத்தா பயமுறுத்துவார். இந்த வாயை யாராவது ஒரு பாறையைப் போட்டு அடைச்சா ஊரே முழுகிடும்னு. மெடிக்கல் காலேஜ்ல கிளாக்கோமா பாடம் எடுத்தப்ப எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது, அக்கா."

கண்ணும் ஒரு ஏரிதான் என்று கரையிலேயே உட்கார்ந்து விளக்கினாள். கண்ணுக்குள் ஐரிஸ் என்ற வண்ணத்திரைக்குப் பின்னால், நிமிடத்துக்கு இரண்டு இரண்டரை மைக்ரோலிட்டர் வீதம் தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் விடும் ஒரு சொட்டு மருந்தில் இருபதில் ஒரு பங்குதான் இந்த அளவு. அந்த நீர் கண்பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில், அதாவது கோணத்தில், சல்லடை போன்ற ஒரு வடிகாலில் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் ஒத்துப்போனால் கண்ணின் அழுத்தம் 10க்கும் 21க்கும் இடையில் நிற்கும். வடிகால் மக்கர் செய்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். அதுதான் கிளாக்கோமா.

இதில் இரண்டு சாதி உண்டு. ஆற்றின் வாய் அகலமாகத் திறந்திருந்தும் உள்ளே வண்டல் மண்டி நீர் மெதுவாக வடிவது ஒன்று. திறந்த கோண கிளாக்கோமா என்பார்கள். வலி இல்லாமல், ஆண்டுக்கணக்கில் பார்வையின் ஓரங்களைத் தின்னும். இன்னொன்று, தாத்தா சொன்ன பாறை. ஐரிஸ் முன்னால் சரிந்து வந்து வடிகாலின் வாயையே மூடிவிடுவது. கோணம் மூடும் வகை. இந்த நிலத்து மக்களைப் பிடித்து ஆட்டுவது இரண்டாவதுதான். 1995இல் பால் ஃபாஸ்டர் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவரின் குழு இதே ஹுவ்ஸ்குல் மாகாணத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 942 பேரைச் சோதித்தது. கோணம் மூடும் கிளாக்கோமா 1.4 சதவீதம், திறந்த வகை 0.5 சதவீதம். ஐரோப்பாவில் கணக்கு நேர் தலைகீழ். நம் ஊரும் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் உறவுதான். வேலூரில் செய்து 1998இல் வெளியான ஆய்வும் மூடும் வகையையே அதிகமாகக் கண்டது.

மறுநாள் அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் போனோம். வீடு என்றால் கெர். கம்பளிப் போர்வை சுற்றிய வட்டக் கூடாரம். வாசல் தெற்கே பார்த்திருக்கும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையே நடக்கக் கூடாது என்று வழியிலேயே பாடம் எடுத்திருந்தாள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூரை உச்சியில் இருக்கும் மரவளையம் ஒன்றுதான் வெளிச்சம் வரும் வழி. அதன் வழியே ஒரு வட்ட வெயில் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் விரிப்பின்மேல் கிடந்தது. கண் பழகிய பிறகு, உப்புப் போட்ட பால் தேநீரோடு பெரியம்மா முன்னால் நிற்பது தெரிந்தது. எழுபது வயதுக்கு மேல். இடது கண் சாம்பல் பூத்திருந்தது. வலது கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு மெலிஞ்சிருக்கா, அந்த ஊர்ல ஆட்டுக்கறி கிடைக்காதா, கேக்கறாங்க."

ஐம்பதைத் தாண்டிய என்னைப் பெண்ணே என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. தேநீரை மறுக்காமல் குடித்தேன்.

இடது கண் போன கதையைப் பெரியம்மா, பக்கத்து வீட்டில் நடந்ததைப்போலச் சொன்னார். பனிக்காலம். சளிக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். இரவில் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. பிறகு தலையின் இடப்பக்கம் பிளப்பதுபோல் வலி, வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று நினைத்தார்கள். வெளியே மைனஸ் முப்பதுக்குக் கீழே. விடிந்தும் வண்டி கிளம்ப வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு துணுக்கையும் தோழி எனக்குப் பிரித்துச் சொன்னாள். இருட்டில் பாப்பா விரியும்; விரியும்போது ஐரிஸ் சுருங்கி மடிந்து மூலையில் திணியும். சில சளி மாத்திரைகளும் பாப்பாவை விரிக்கும். ஏற்கெனவே மூலை குறுகலான கண்ணுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும். அப்படிப்பட்ட இரவில் அழுத்தம் 50, 60 என்று எகிறும். நீண்ட குளிர்கால இருட்டில், இந்தக் கூடாரங்களுக்குள் இப்படி எத்தனை கண்கள் போயிருக்கும் என்று நான் கூரை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டி வைத்திருக்கிற நாடு.

சரி, மூலை ஏன் குறுகுகிறது? இங்கேதான் லென்ஸ் வருகிறது. கண்ணின் லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளரும் பொருள். புதுப்புது அடுக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இளவயதில் 4 மில்லிமீட்டருக்குள் இருப்பது முதுமையில் 5ஐ எட்டும். நீளம் குறைந்த, ஐரிஸுக்கு முன்னால் உள்ள முன்னறை தாழ்ந்த கண்ணில் இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய ஆக்கிரமிப்பு. பருத்த லென்ஸ் ஐரிஸைப் பின்னாலிருந்து முட்டுகிறது, பாப்பா வழியாக நீர் வருவதைத் தடுக்கிறது, பின்னால் தேங்கிய நீர் ஐரிஸை இன்னும் முன்னால் தள்ளுகிறது. ஆணைவிடப் பெண்ணின் கண்ணில் இந்த முன்னறை தாழ்வு அதிகம். பாறை எது என்றால், அந்த லென்ஸ்தான்.

பெரியம்மாவின் வலது கண்ணும் அதே அச்சில் வார்த்தது. முதலில் லேசரால் ஐரிஸில் நூல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள், நீர் குறுக்குவழியில் முன்னறைக்கு வர. அழுத்தம் இறங்கியது, ஆனால் முழுக்க இல்லை. மூன்று வகைச் சொட்டு மருந்து விட்டும் 25ஐச் சுற்றியே நின்றது. பிறகு லென்ஸில் புரை முற்றியபோது தலைநகருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன். 5 மில்லிமீட்டர் தடித்த பழைய லென்ஸ் வெளியே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள செயற்கை லென்ஸ் உள்ளே. ஐரிஸ் பின்னால் சாய்ந்தது. இப்போது அழுத்தம் 14, ஒரே ஒரு சொட்டு மருந்தோடு.

"பார்வைக்காகப் பண்ணின ஆபரேஷன்னு பெரியம்மா நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் பண்ணச் சொன்னது பிரஷருக்காக" என்றாள் தோழி.

இதை உலகம் நம்புவதற்குச் சான்று வேண்டியிருந்தது. 2016இல் லான்செட் இதழில் வெளியான 'ஈகிள்' ஆய்வு அதைக் கொடுத்தது. கோணம் மூடிய 419 பேர், எல்லாருமே ஐம்பதைக் கடந்தவர்கள். இவர்களில் யாருக்கும் புரை இல்லை என்பதுதான் விஷயம். ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான லேசர் ஓட்டை. மறு பாதிப்பேருக்குத் தெளிவாக இருந்த லென்ஸையே எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அளந்தால் லென்ஸ் எடுத்தவர்களின் சராசரி அழுத்தம் 16.6, லேசர்காரர்களுக்கு 17.9. வித்தியாசம் ஒன்று சொச்சம்தானே என்று எனக்குச் சப்பென்று இருந்தது. அவள் விடவில்லை. "எத்தனை மருந்தோட அந்த 17.9 வந்ததுன்னு கேளுங்க." லேசர் போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் சொட்டு மருந்தை நம்பியிருந்தார்கள். லென்ஸ் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான். மாதம் ஒருமுறை மருந்துக் கடைக்கு நூறு கிலோமீட்டர் போகவேண்டிய ஊரில் இருந்துகொண்டு கேட்டால், இந்தக் கணக்கின் எடை வேறு.

லேசர் ஓட்டையை முன்கூட்டியே எல்லாருக்கும் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்வியையும் இந்த நாடுதான் சோதித்துப் பார்த்தது. 1999இல் தொடங்கி 4,700க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பாதியில் குறுகிய மூலை உள்ளவர்களைக் கண்டுபிடித்து லேசர் போட்டு, ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். சோதனை செய்யாத கூட்டத்துக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஊரெல்லாம் கூப்பிட்டு ஓட்டை போடும் திட்டம் அத்தோடு ஆறிவிட்டது.

நான் விடாமல் குறிப்பெடுத்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அம்மாவுக்கும் கிளாக்கோமா, ஆனால் திறந்த வகை. புரை ஆபரேஷனுக்கு முன் இரண்டு மருந்தோடு 22. ஆபரேஷன் ஆன அன்று இரவு கண் கனமாக வலிக்கிறது என்றார். காலையில் கட்டைப் பிரித்து அளந்தால் 34. வீட்டில் எல்லாருக்கும் கலக்கம். பிரஷர் குறையும் என்றுதானே சொன்னார்கள்? அறுவையின்போது கண்ணுக்குள் இடம் பிடித்துவைக்க ஒரு ஜெல் போடுவார்கள். கடைசியில் உறிஞ்சி எடுத்தாலும் மிச்சம் மூலையில் தங்கி, வடிகாலை ஒருநாள் அடைக்கும். நல்ல கண் அதைத் தாங்கிக்கொள்ளும். வடிகால் ஏற்கெனவே பழுதான கண்ணில் அழுத்தம் ஏறும், நரம்பு மிச்சம் கொஞ்சமே இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாளே ஆபத்து. அதனால்தான் கிளாக்கோமாக்காரர்களை மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு அளக்கிறார்கள், முன்னெச்சரிக்கையாக மாத்திரையும் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு மாத்திரையில் இறங்கிவிட்டது. பிறகு ஆபரேஷனுக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும் என்பதால் வாரம் ஒருமுறை அளந்தார்கள். மூன்றாம் மாதம் 18. ஒரு மருந்தை நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மெல்ல 20க்கு வந்து, நிறுத்திய மருந்து திரும்ப வந்தது.

"அம்மாவுக்கு அவ்வளவுதான் கிடைக்கும், அக்கா. அங்க அடைச்ச பாறை எதுவும் இல்லையே, எடுக்கறதுக்கு."

அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2015இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, புரை ஆபரேஷனால் திறந்த வகையில் அழுத்தம் சராசரி 13 சதவீதம் இறங்கியிருந்தது. கோணம் மூடிய நாள்பட்ட வகையில் 30. திடீர்த் தாக்குதல் வந்த கண்களில் 71. அழுத்தம் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறதோ அவ்வளவு அதிகம் இறங்கும் என்பது பல ஆய்வுகளிலும் தெரிகிறது. திறந்த வகையில் அந்தக் கொஞ்சமாவது ஏன் இறங்குகிறது என்பதில் ஒத்த கருத்து இல்லை. தடித்த லென்ஸ் போனதும் அதைக் கட்டியிருக்கும் இழைகள் பின்னால் இழுத்து வடிகால் சல்லடையைக் கொஞ்சம் விரிக்கின்றன என்பது ஒரு கட்சி. அறுவையின்போது பாயும் நீரும் அதிர்வும் சல்லடையைத் தூண்டிவிடுகின்றன என்பது இன்னொன்று. அவள் முதல் கட்சி. எனக்கென்னவோ, காரணம் தெரியாத ஒரு நன்மையை மருத்துவர்கள் எவ்வளவு எச்சரிக்கையோடு தொடுகிறார்கள் என்பதே பிடித்திருந்தது. கிளாக்கோமாவுக்காக ஏற்கெனவே வேறு அறுவை செய்து புது வடிகால் வெட்டிய கண்ணில், பின்னால் வரும் புரை ஆபரேஷன் அந்த வடிகாலையே தழும்பேற்றி மூடிவிடுவதும் உண்டாம். மங்கோலியக் கண்ணிலும் இந்த ஆபரேஷன் விளையாட்டல்ல. கருவி நுழையவே இடம் இல்லாத அறை அது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மாவின் தம்பி வந்தார். குதிரையிலிருந்து தானே இறங்கி, வாசல் கயிற்றைத் தடவிப் பிடித்து, குனிந்து உள்ளே வந்தார். இரண்டு கண்ணும் போய்விட்டதாம். மூக்குப்பொடிப் புட்டியை வலது கையால் என்னிடம் நீட்டினார். வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது முறை. பிறகு நேரே விஷயத்துக்கு வந்தார். அக்காவுக்கு லென்ஸை மாற்றியதும் அழுத்தம் இறங்கியதே, எனக்கும் மாற்று, நானும் பார்க்கிறேன்.

அவள் டார்ச்சை எடுத்து அவர் கண்ணில் அடித்தாள். இரண்டு பாப்பாவும் அசையவில்லை. கையில் வைத்திருந்த சின்னக் கருவியால் உள்ளே நரம்பைப் பார்த்தாள். ஒரு கண்ணின் நரம்பில் சுமார் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள். அழுத்தம் கொன்ற இழையை எந்த ஆபரேஷனும் எழுப்பாது. புரை மட்டும் மறைத்த பார்வை திரும்ப வரும், கிளாக்கோமா தின்ற பார்வை வராது. இதை அவள் தன் மொழியில் நிதானமாகச் சொன்னாள். கை அவர் முழங்காலிலேயே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டு, புட்டியை மூடி மடியில் செருகினார். குதிரைக்குக் கண் தெரியும், அது போதும், என் கண்ணையும் சேர்த்து அதுவே பார்த்துக்கொள்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கூடாரத்தின் மறுபக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்த பெரியம்மாவின் மகளை அழைத்தாள். நாற்பத்தேழு வயது. தாய்க்கும் மாமனுக்கும் இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

"இங்க வாங்க அக்கா, நீங்களே பாருங்க" என்று என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். டார்ச்சை அந்தப் பெண்ணின் காதுப்பக்கத்திலிருந்து கண்ணுக்குக் குறுக்கே பிடித்தாள். ஐரிஸ் தட்டையாக இருந்தால் வெளிச்சம் மறுகோடி வரைக்கும் பரவ வேண்டும். பழுப்பு ஐரிஸின் வெளிப்பாதி பளிச்சென்று இருந்தது. மூக்குப்பக்கத்துப் பாதியில் பிறை வடிவில் ஒரு நிழல். நடுவில் ஐரிஸ் உப்பி நிற்பதால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை. டார்ச்சை என் கண்ணில் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். நிழல் இல்லை. பிறகு கையடக்க அளவியை வைத்து அந்தப் பெண்ணின் அழுத்தத்தை அளந்தாள். 19.

அந்தப் பெண்ணுக்கு அந்த எண் போதும். "பத்தொன்பதுதானே? சரியாத்தானே இருக்கு?"

"கண்ணு போன அன்னைக்குச் சாயங்காலம் உங்க அம்மாவுக்கும் பத்தொன்பதுதான் இருந்திருக்கும்" என்றாள் அவள். குளிருக்கு முன்னால் உலான்பாத்தருக்கு வா, மூலையைச் சோதனைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு லேசரா வேறா என்று முடிவு செய்யலாம். இன்னும் ஐம்பதாகவில்லை; கிட்டப் பார்வைக்கு வளைந்து கொடுக்கும் லென்ஸை இப்போதே எடுக்க மருத்துவருக்கு மனசில்லை.

அப்புறம் நாள் குறிப்பதில் பேரம் தொடங்கியது. செப்டம்பர் என்றாள் இவள். குதிரைப்பால் கறவை முடிந்திருக்காது என்றாள் அந்தப் பெண். அக்டோபரில் ஆடு விற்கிற வேலை. நவம்பரில் சாலை எப்படி இருக்குமோ. ஒரு தேதியைச் சொல், நானே பஸ் டிக்கெட் போடுகிறேன் என்றாள் இவள். பையன் பள்ளிக்கூடத்துக்குத் தலைநகரம் போகிற அன்று கூடவே வந்துவிடுகிறேன், ஆனால் அன்று மாலையே திரும்பவேண்டும் என்றாள் அந்தப் பெண். முடியாது, இரண்டு நாள். ஒரு நாள். இரண்டு. பெரியம்மா அடுப்பிலிருந்து திரும்பி, ஒரே ஒரு வார்த்தை அதட்டினார். ஆகஸ்ட் கடைசி வாரம், இரண்டு நாள் என்று முடிவாயிற்று.